பின் சீட்டுக்கு வரும் வயது

நான் ஓட்டுவது மினிபஸ். ஒரு பிரைவேட் ஸ்கூலுக்கு ஓட்டுகிறேன். எங்கள் வீடு, இந்த வெள்ளைக்கார நாட்டில், மிச்சம் என்ற ஊரில். ஸ்கூல் மேட்டுப் பக்கம், பெரிய மரங்களும் பெரிய கேற்றுகளும் உள்ள இடத்தில். காலையில் பிள்ளைகளை ஏற்றுவேன். பின்னேரம் இறக்குவேன். நடுவில் பஸ்ஸைக் கழுவுவேன், வளவில் இலை அள்ளுவேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், சத்தி எடுப்பார்கள். ஆனால் ஒருவரும் எனக்கு ரோட்டைப் பற்றிப் புத்தி சொல்ல மாட்டார்கள்.

பஸ்ஸில் இருப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. சின்னது முன்னுக்கு, பெரிசு பின்னுக்கு. எங்கும் எழுதி ஒட்டவில்லை. பிள்ளைகளே அப்படித்தான் ஏறுவார்கள். என் முதுகுக்குப் பின்னால் மூன்று வயதுக் குழந்தை இருக்கும். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு வரிசை பின்னுக்குப் போகும். கடைசி சீட்டுக்கு வந்துவிட்டால் அவன் ராசா. பின் கண்ணாடியால் மற்றக் கார்க்காரருக்குக் கை காட்டுவது அவன் உரிமை.

என்னோடு கானா நாட்டுப் பெண் ஒருவர் வருவார். பெல்ட் போட்டுவிடுவது, மூக்குத் துடைப்பது, விட்ட தொப்பியைத் தேடுவது எல்லாம் அவர். என்னை விட மூத்தவர். என்னை டிரைவர் என்பார். நான் அவரை அக்கா என்பேன். அக்கா என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். அடுத்த கிழமையே பிள்ளைகளும் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் “அக்கா, அக்கா, இவன் என்னைக் கிள்ளுறான்” என்று கத்துவது கேட்கப் பகிடியாக இருக்கும். அவரும் நானும் கதைப்பது இங்கிலிஷில். என் இங்கிலிஷ் ரோட்டில் பொறுக்கியது. ஆகவே அவர் சொன்னதையும் இங்கே என் பாஷையில்தான் எழுத முடியும்.

எனக்கு ஒரே மகள். அவள் போனது எங்கள் தெருமுனையில் இருக்கும் கவுன்சில் ஸ்கூலுக்கு, காசு கட்டாத அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு. நாலு வயதில் சேர்த்தோம். பதினொன்றில் அங்கே படிப்பு முடியும். கடைசி வருடம் அவள்தான் அங்கே பெரியவள். சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகிற வேலை கொடுத்து, சட்டையில் ஒரு பட்ஜும் குத்திவிட்டார்கள். அந்த வருடம் அவளுடைய நடையே மாறிவிட்டது. வீட்டிலும் என்னை வரிசையில் நிற்கச் சொல்லுவாள்.

மார்ச் மாதம் கவுன்சில் அடுத்த ஸ்கூலுக்கு இடம் அறிவிக்கும். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பெருநாள். காலையிலிருந்து போன் அடிக்கும். “உங்கட ஆளுக்கு எது?” என்று கேட்டுவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார்கள். சோதினை வைத்துக் கெட்டிக்காரரை மட்டும் எடுக்கிற கிராமர் ஸ்கூலுக்கு மகள் எழுதியிருந்தாள். கிடைக்கவில்லை. அழுதது அவள் இல்லை, தாய். கவுன்சில் கொடுத்தது ட்ராமில் போகிற தூரத்தில் ஒரு ஹைஸ்கூல். பதினொன்றிலிருந்து பதினெட்டு வரை. நல்ல பள்ளிக்கூடம்தான். கோயிலில் பெயரைச் சொன்னால் ஒருவரும் கண்ணை விரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இடம் வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கிழமையே எங்கள் ஹெட்மாஸ்டர் வளவுக்கு வந்தார். நான் பஸ் கழுவிக்கொண்டு நின்றேன். தண்ணீர் அவருடைய சப்பாத்தில் படாமல் குழாயைத் திருப்பினேன். மேல் வகுப்புகளில் இடம் இருக்கிறது, ஸ்டாஃப் பிள்ளை என்றால் ஃபீஸ் எடுக்க மாட்டோம், உங்கள் மகளைச் செப்டம்பரில் அனுப்பலாமே என்றார். நன்றி சொன்னேன். இடம் ஏன் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. தருகிறவரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

வீட்டில் என் மனுசி உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அயர்னை நிமிர்த்தி வைத்தாள்.

“சும்மாவோ?”

“ஓம்.”

“சும்மா எண்டா, சும்மாதானோ?”

“ஓம் எண்டுறன்.”

“இவ்வளவு நேரமும் ஏன் வாயைத் திறக்கேல்லை?”

“இப்பதானே வீட்டுக்க வந்தனான்.”

அவள் உடனே தமையனுக்குப் போன் எடுத்தாள். என் மச்சானுக்கு ட்ராம் ஸ்ரொப்புக்குப் பக்கத்தில் கடை. அவருடைய மகன் கிராமர் ஸ்கூலில் படிக்கிறான். அதை நாங்கள் மறக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி கத்தரிக்காயோடு வந்தார்.

“மச்சான், உமக்கு அடிச்சுது யோகம். நான் என்ர பெடியனை ரியூசன் ரியூசனா இழுத்துக்கொண்டு திரிஞ்சன். நீர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டே பிள்ளையை உள்ள விட்டிட்டீர்.”

“இன்னும் விடேல்லை.”

“விடும், விடும். ஊரில பெரிய கொலிஜ்ஜில சேர்க்கிற மாதிரித்தான். ஒருக்கா உள்ள போனா கடைசி வகுப்பு ஏ.எல். சோதினை முடிச்சுத்தான் வெளிய வருவாள். நேர டொக்டருக்கு.”

“மாமா, எனக்கு ரத்தம் கண்டா தலை சுத்தும்” என்றாள் மகள்.

“அப்ப பல் டொக்டர்.”

“பல்லிலயும் ரத்தம் வரும் மாமா.”

“இவளுக்கு வாய் மட்டும் இப்பவே பிரைவேட்” என்றார் மச்சான்.

நாங்கள் எல்லோரும் அவர் சொன்னபடிதான் நினைத்தோம். எங்கள் ஊரில் பேர் எடுத்த பள்ளிக்கூடம் என்றால் பாலர் வகுப்பிலிருந்து கடைசி வகுப்பு வரை ஒரே மதிலுக்குள் இருக்கும். கேற்றால் ஒருமுறை உள்ளே போனால் போனதுதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அது சின்னப் பள்ளிக்கூடம். ஆகவே பெரிய பள்ளிக்கூடம் பெரிய வயது வரை இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நாலு வருடமாக அந்த பஸ்ஸை ஓட்டுகிறேன். மீசை முளைத்த ஒருத்தனும் அதில் ஏறியதில்லை. ஏறாதவனைப் பற்றி டிரைவர் யோசிப்பதில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தியிருந்தேன். அக்கா ஒரு குழந்தைக்குப் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, செப்டம்பரில என்ர மகளும் இஞ்ச வாறாள்” என்றேன்.

“நல்லது டிரைவர். எத்தினை வயசு?”

“பதினொண்டு.”

அக்காவின் கை பெல்ட்டில் நின்றது.

“பதினொண்டில இஞ்ச வாறாளோ? பெட்டையள் பதினொண்டில வெளியால எல்லோ போறவை.”

“எங்க போகினம்?”

“தங்கட பெரிய ஸ்கூலுக்கு. பெட்டையளின்ர பெரிய ஸ்கூல் பதினொண்டில துவங்கும். பெடியளின்ர பெரிய ஸ்கூல் பதின்மூண்டில துவங்கும். அதாலதான் பெடியள் மட்டும் இஞ்ச ரெண்டு வருசம் கூட நிக்கிறவை. உம்மட பின் சீட்டைப் பாரும். எப்பவாவது ஒரு பெட்டை இருந்து கண்டனீரோ?”

கண்ணாடியைப் பார்த்தேன். மூன்று பெடியன்கள். கட்டைக் காற்சட்டை, காயம்பட்ட முழங்கால். மூன்று பேரும் கண்ணாடிக்கு நாக்கை நீட்டினார்கள்.

“பதின்மூண்டுக்குப் பிறகு?”

“பிறகென்ன, இந்த ஸ்கூல் முடிஞ்சுது. நாலு வருசம் ஓடுறீர் டிரைவர். பதினாலு வயசில ஆரையாவது ஏத்தினனீரோ?”

“இல்லை.”

“அந்தப் பெடியள் எல்லாம் எங்க போட்டாங்கள் எண்டு நினைச்சீர்?”

“வீடு மாறிப் போட்டினம் எண்டு நினைச்சன்.”

அக்கா சிரித்தார். அவர் சிரித்தால் பஸ் ஆடும். ஏன் என்று தெரியாமல் குழந்தையும் சிரித்தது. பின் சீட்டிலிருந்து “என்ன பகிடி, என்ன பகிடி” என்று கேட்டார்கள். நான் பஸ்ஸை எடுத்தேன்.

மத்தியானம் கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். அங்கே இருந்த பெண் பொறுமையானவர். இரண்டு தரம் சொன்னார். இப்போது கொடுத்த இடத்தை வேண்டாம் என்றால் அது அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பதின்மூன்றில் திரும்பி வந்தால் எந்த ஸ்கூலில் காலியாக இருக்கிறதோ அங்கேதான் இடம். அது கிட்டவும் இருக்கலாம், எட்டவும் இருக்கலாம். இரண்டு வருடத்துக்கு அந்த இடத்தைப் பிடித்து வைக்க ஏலுமோ என்று கேட்டேன். ஏலாது என்றார். ஊரில் பஸ் ஜன்னலால் லேஞ்சி என்கிற கைக்குட்டையைப் போட்டு சீட் பிடிப்போம். கவுன்சிலில் லேஞ்சி போட இடமில்லை.

பின்னேரம் மனுசிக்கு விளங்கப்படுத்தினேன். எனக்கு நீளமாகக் கதைக்க வராது. இரண்டு ஏணி பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது என்றேன். கவுன்சில் ஏணியில் பதினொன்றில் ஒரு படி. அங்கே ஒரு கதவு பூட்டுகிற அன்றே மற்றக் கதவு திறக்கும். நான் ஓடுகிற பிரைவேட் ஸ்கூல் ஏணியில் அந்தப் படி பதின்மூன்றில். ஒரு ஏணியிலேயே ஏறுகிறவனுக்குப் பிரச்சினை இல்லை. நடுவில் மாறுகிறவனுக்குக் கால் வைக்க இடம் இல்லாமல் போகும். பதின்மூன்றில் பிரைவேட்டில் தொடர்ந்து ஏற எங்களுக்கு வசதியும் இல்லை.

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“ரெண்டு வருசம் படிக்கட்டும். பிறகு பாப்பம்” என்றாள்.

“பிறகு எங்க?”

“எங்கையாவது. நான் கோயிலிலயும் சொல்லிப்போட்டன்.”

“அதுக்காகவோ?”

“அதுக்காக இல்லை. ஆனா சொல்லிப்போட்டன்.” பிறகு சொன்னாள்: “அந்தப் பிள்ளையள் பெரிய ஆக்களோட எப்பிடிக் கதைக்கிறவை எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். நிமிந்து நிண்டு, கண்ணைப் பாத்து. நானும் நீங்களும் ஒரு டொக்டரிட்டப் போனா எப்பிடி நிக்கிறம்? அவளும் அப்பிடி நிக்கோணுமோ?”

அவள் கறாராகக் கேட்டது ஸ்கூலை இல்லை. பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதைத்தான். அவள் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களுக்கு முன்னால் குனிந்து நிற்கிற வேலை. ஆனால் இரண்டு வருடம் முடிய மகள் கையில் ஸ்கூல் இல்லாமல் நின்றால் அதுவும் நிமிர்ந்து நிற்பதாகாது. பதில் சொல்ல வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது.

ஹெட்மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன், யோசிக்கிறோம் என்று. அவர் முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் பிள்ளையைக் கூட்டிவந்து காட்டுங்கள், பிறகு யோசியுங்கள் என்றார். அந்த வெள்ளிக்கிழமை மகளுடைய ஸ்கூலில் வாத்திமாருக்கு வகுப்பு, பிள்ளைகளுக்கு லீவு. அவளை என்னோடு கூட்டிப் போனேன்.

வெறும் பஸ்ஸில் ஏறியவள் நேரே பின் சீட்டுக்குப் போனாள். அவளுடைய ஸ்கூலில் அவள்தானே பெரியவள். பின் சீட்டுப் பெடியன்கள் ஏறி அவளைக் கண்டார்கள். கொஞ்சம் நின்றார்கள். பிறகு குட் மோர்னிங் சொல்லி ஒதுங்கி இருந்தார்கள். அவள் அவர்களுடைய முழங்காலைப் பார்ப்பதைக் கண்ணாடியில் கண்டேன். அவளை விட உயரமான பெடியன்கள், குழந்தைக் காற்சட்டையில். பஸ் நின்ற ஒவ்வொரு தரிப்பிலும் அக்கா பின்னுக்கு வந்து அவர்களுடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். மகளுடையதையும் இழுத்துப் பார்த்தார்.

மத்தியானம் நான் இலை அள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வளவில் ஒரு ஓக் மரம் இருக்கிறது. தண்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு வரை யாரும் ஏறலாம். அண்ணாந்து பார்த்தேன். கோட்டுக்கு ஒரு சாண் கீழே என் மகள். கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்பிள் தின்றாள். அவளுடைய ஸ்கூலில் மரம் இல்லை, தார்தான். பிறந்ததிலிருந்து அவள் மரம் ஏறியதை நான் காணவில்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இறங்கிவிடுவாள் என்று கூட்டுமாறை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போனேன்.

திரும்பும்போது அவள் பின் சீட்டுக்குப் போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். மூன்று வயதுக் குழந்தை அவளுடைய கையில் தலையைச் சாய்த்து நித்திரை. எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் கையை அசைக்கவில்லை.

“இந்தப் பிள்ளையை என்னட்ட விட்டிட்டுப் போம் டிரைவர். வேலைக்கு வைச்சிருக்கிறன்” என்றார் அக்கா.

“சம்பளம் எவ்வளவு?” என்றாள் மகள்.

“நாளுக்கு ஒரு பிஸ்கற்.”

“ரெண்டு எண்டா வாறன்.”

வீட்டில் தாய் வாசலிலேயே நின்றாள். சேறு பிடித்த சப்பாத்தைப் பார்த்தும் ஏசவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். நீச்சல் தடாகம் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு கஸ்ரட். வாத்தியார் பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், கத்துவதில்லை. மரம் ஏறினேன்.

“உன்ர வகுப்பில எத்தினை பேர்?”

“இப்ப கொஞ்சப் பேர் இருக்கினம். செப்டம்பரில பெட்டையள் எல்லாரும் போகினமாம். எங்க எங்க போறம் எண்டு எனக்குச் சொன்னவை.”

“எல்லாருமோ?”

“ஓம். பிறகு பெடியள் இருப்பாங்கள். நானும்.”

“வேற ஒரு பெட்டையும் இல்லையோ?”

“இல்லை அம்மா.”

மனுசி குசினிக்குப் போனாள். நான் தேத்தண்ணி குடிக்கப் போனபோது கேத்தில் கொதித்து நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவளுக்குப் பதினொண்டு முடியப்போகுது” என்றாள்.

“ஓம்.”

“இண்டைக்கோ நாளைக்கோ பெரிய பிள்ளை ஆகிற வயசு.”

எனக்கு அந்த நினைவே வரவில்லை. எங்கள் வீடுகளில் இந்த வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் தாய் எந்த நேரமும் ஒரு காதை அந்தப் பக்கம் வைத்திருப்பாள். தகப்பனுக்கு அது கேட்காது.

“நான் பள்ளிக்கூடத்திலதான் ஆனனான்” என்றாள். “என்ன செய்யிறதெண்டு தெரியாது. என்னோட படிச்சவள் ஒருத்திதான் எனக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு நடந்து வந்தவள், ஒருத்தரும் பாக்காத மாதிரி. வீட்டு வாசல் மட்டும் வந்து விட்டிட்டுப் போனவள். உங்கட ஸ்கூலில இவளுக்குப் பின்னால ஆர் நடந்து வாறது? அந்தக் கட்டைக் காற்சட்டைப் பெடியளோ?”

“அக்கா இருக்கிறா.”

“அக்கா பஸ்ஸிலதானே. நாள் முழுக்க?”

நான் இரண்டு ஏணி சொன்னேன். கவுன்சில் சொன்னதைச் சொன்னேன். அதெல்லாம் அவளை அசைக்கவில்லை. இது அசைத்துவிட்டது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அவள் கண்ட காரணம் என் காரணத்தை விடப் பெரியது.

ஆனாலும் பிள்ளையைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று நினைத்தேன். அவள் பின்வளவில் சப்பாத்துச் சேற்றைத் தடியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எது விருப்பம்?”

“மரம் விருப்பம்.”

“அது தெரியும். ஸ்கூல்?”

அவள் சேற்றைச் சுரண்டினாள்.

“அப்பா, அங்க பெரிய பெடியனுக்கும் பெல்ட் செக் பண்ணுறா அக்கா.”

“அது அவவின்ர வேலை.”

“தெரியும். ஆனா எனக்கு ட்ராமில போகோணும். தனிய. என்ர பிரெண்ட்ஸ் எல்லாம் அந்த ஹைஸ்கூலுக்குத்தான் போகினம். ரெண்டு வருசத்தால நான் புதுசாப் போய் நிண்டா, அவைக்கு வேற பிரெண்ட்ஸ் வந்திடும்.”

“உள்ள போனாப் பிறகு நீதான் சின்னாள். பட்ஜ் எல்லாம் இருக்காது.”

“பரவாயில்லை. பிறகு வளருவன்தானே.”

அன்று பின்னேரமே கவுன்சிலுக்குப் பதில் போட்டோம், இடம் வேண்டும் என்று. கொம்பியூட்டரில் அமத்தியது மகள். மனுசி பின்னால் நின்று, “வடிவாப் பார், வேண்டாம் எண்டதை அமத்திப்போடாத” என்று மூன்று தரம் சொன்னாள்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். உங்கள் மகள் நல்லாக ஏறினாள், மரம் அங்கேதான் இருக்கும், எப்போதும் வரலாம் என்றார். பிறகு பஸ் டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லா ஆண்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

மச்சான் வந்தார். இந்த முறை கத்தரிக்காய் இல்லை.

“என்ன மச்சான், தேடி வந்த சீதேவியைக் காலால உதைச்சுப்போட்டீர்.”

நான் வாயைத் திறக்குமுன் மனுசி சொன்னாள்: “அண்ணை, அது பதின்மூண்டோட முடியிற பள்ளிக்கூடம்.”

“பதின்மூண்டோடயோ?”

“ஓம். துவங்கிறது மூண்டு வயசில.”

மச்சான் கொஞ்சம் யோசித்தார். “அப்ப அது பெரிய பாலர் பாடசாலை எண்டு சொல்லு. இதுக்கோ நான் கடையைப் பூட்டிப்போட்டு வந்து டொக்டர் டொக்டர் எண்டு கத்தினனான்?”

“பல் டொக்டர், மாமா” என்றாள் மகள்.

கோயிலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மனுசி முன்பு சொல்லிவைத்த இரண்டு பெண்களும் பிரகாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். எப்போது பிரைவேட்டில் துவங்குகிறாள் என்று கேட்டார்கள். நான் தள்ளிப் போவோம் என்று பார்த்தேன். மனுசி சேலைத் தலைப்பைச் சரி செய்தாள்.

“பிரைவேட் தந்தவை. சும்மா தந்தவை. நாங்கள்தான் வேண்டாமெண்டிட்டம்” என்றாள்.

இரண்டு பேருடைய கண்ணும் விரிந்தது. கிராமர் கிடைத்தவர்கள் அந்தக் கோயிலில் நிறையப் பேர். பிரைவேட்டை வேண்டாம் என்றவர்கள் நாங்கள் மட்டும்தான். ஹைஸ்கூலின் பெயரை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மனுசி அன்று நிமிர்ந்துதான் நின்றாள். பொங்கல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

செப்டம்பரில் கவுன்சில் ஸ்கூல் முதலில் திறக்கும். பிரைவேட் கொஞ்ச நாள் பிந்தித்தான் திறக்கும். அதனால் மகளுடைய முதல் நாளுக்கு எனக்கு லீவு இருந்தது. கூட வருகிறேன் என்றேன். ட்ராமில் மற்றப் பெட்டியில் நில்லுங்கள் என்றாள். நின்றேன்.

ட்ராம் முழுக்கக் கறுப்பு பிளேசர். என் பஸ்ஸில் நாலு வருடமாகக் காணாத மீசைகள் எல்லாம் அங்கே நின்றன. ஒருத்தனுக்குத் தாடியே இருந்தது. அவனுடைய புத்தகப் பைக்குக் கீழே என் மகளுடைய தலை. மூன்று வருடம் போட வேண்டும் என்று தாய் வாங்கிய பிளேசர், கை விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஜூலையில் பெரியவள். செப்டம்பரில் அந்த ட்ராமிலேயே சின்னவள். என் பஸ்ஸில் உள்ளவர்களுக்கு இந்த விழுகை இரண்டு வருடம் பிந்தி வரும். முந்தி விழுவது நல்லதோ, பிந்தி விழுவது நல்லதோ, எனக்குத் தெரியாது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். அடுத்த தரிப்பில் அவளோடு படித்த இரண்டு பெட்டைகள் ஏறினார்கள். அவர்களுடைய பிளேசரும் விரல் வரை. மூன்று பேரும் ஒரே கம்பியைப் பிடித்தார்கள். பிறகு என் பக்கம் அவள் பார்க்கவில்லை.

பின்னேரம் வந்து, “நாளைக்கு வரவேண்டாம் அப்பா” என்றாள்.

“சரி.”

“கோவமோ?”

“இல்லை.”

மிச்ச லீவில் நான் நல்லாக நித்திரை கொண்டேன்.

என் பஸ்ஸும் துவங்கியது. பின் சீட்டுப் பெடியன்கள் போய்விட்டார்கள். இந்த முறை எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பின்னுக்குப் போயிருந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் புதிதாக ஒரு குழந்தை, அழுகை. அக்கா பெல்ட் போட்டார்.

“மகள் எப்பிடி, டிரைவர்?”

“ட்ராமில போறாள். தனிய.”

“ட்ராமில பெல்ட் இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லும்.”

அடுத்த வருடம் இலை துளிர்க்கிற காலம். ஒரு பின்னேரம், ஸ்கூல் விடக் கொஞ்சம் முன்னால், பஸ்ஸில் இருந்தேன். மனுசி போன் எடுத்தாள். அவள் வேலைக்குப் போகாத நாள்.

“இஞ்சருங்கோ. பிள்ளை பெரிய பிள்ளை ஆயிட்டாள்.”

“எங்க வைச்சு?”

“ஸ்கூலில.”

“தனியவோ வந்தவள்?”

“இல்லை. அந்த ரெண்டு பெட்டையளும் கூட வந்தவை. ட்ராமில இருந்து வீடு மட்டும் ஒருத்தி முன்னால, ஒருத்தி பின்னால. நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. அதுகளாத்தான் செய்திருக்குதுகள்.”

“இப்ப எங்க?”

“குசினியில. மூண்டும் தோசை தின்னுதுகள். அண்ணைக்குச் சொல்லிப்போட்டன். மாமன்தானே முதல் தண்ணி வாக்கோணும். கடையைப் பூட்டிப்போட்டு வாறாராம். நீங்களும் கெதியா வாங்கோ.”

“பிள்ளையளை இறக்கிப்போட்டு வாறன்” என்றேன்.

மணி அடித்தது. பஸ்ஸைக் கேற்றுக்குக் கொண்டுபோனேன். பின் சீட்டுக்காரர் முதலில் ஏறினார்கள். சின்னவர்களை அக்கா கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.